கைபேசியின் விலை எங்கே ஒளிந்திருக்கிறது?

சிவகாசியிலோ விருதுநகரிலோ கடைத்தெரு வழியே நடந்து செல்லும்போது செல்போன் கடை வாசலில் தொங்கும் அட்டைகளைச் சற்று நின்று படித்துப் பாருங்கள். மாதத் தவணை எவ்வளவு என்பது கொட்டை எழுத்தில் இருக்கும். கைபேசியின் முழு விலை பொடி எழுத்தில் இருக்கும். சில அட்டைகளில் அதுவும் இராது. ‘வட்டியில்லாத் தவணை’ என்ற சொற்கள் மட்டும் கண்ணைப் பறிக்கும்.

பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன் வெளிநாட்டுக்கு வேலைக்குப் போன உறவினர் யாரேனும் இருந்தால் கேட்டுப் பாருங்கள். அவர் வேறு கதை சொல்லுவார். “இரண்டு வருஷ ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டேன், போனைச் சும்மாவே கொடுத்தார்கள்” என்பார்.

சும்மா கிடைத்த கருவி உண்மையிலேயே சும்மாவா? வட்டியில்லாத் தவணையில் உண்மையிலேயே வட்டி இல்லையா?

ஆற்றல் அழிவதில்லை, ஒரு வடிவத்திலிருந்து மற்றொன்றாக மாறுகிறது என்று பள்ளியில் படித்திருக்கிறீர்கள். ஒரு பொருளின் விலையும் ஏறத்தாழ அப்படித்தான். கடைக்காரர் அட்டையிலிருந்து அதை அழித்துவிட்டால் அது மறைந்து போவதில்லை. வேறோர் இடத்தில், வேறொரு பெயரில் தோன்றுகிறது. கைபேசி விற்பனையின் வரலாறு, அந்த விலையை எங்கே ஒளித்து வைப்பது என்பதன் வரலாறும் ஆகும்.

கருவி யாருடையது?

தொலைபேசி தோன்றிய பின் பல பத்தாண்டுகளுக்கு இந்தக் கேள்வியே எழவில்லை. கருவி தொலைபேசி நிறுவனத்தினுடையது. அமெரிக்காவில் ஏ.டி. அண்ட் டி. நிறுவனம் தொலைபேசிக் கருவியை வாடகைக்குத்தான் தந்தது. வேறு நிறுவனத்தின் கருவியைத் தன் கம்பியில் இணைக்கவும் அது அனுமதிக்கவில்லை. ‘கார்ட்டர்ஃபோன்’ என்ற சிறு கருவியைப் பற்றிய வழக்கில், 1968ஆம் ஆண்டு, அந்த நாட்டின் தகவல்தொடர்பு ஆணையம் இத்தடையை நீக்கியது. கருவி வேறு, இணைப்பு வேறு என்ற எண்ணம் சட்டத்தில் இடம்பெற்றது அப்போதுதான்.

நம் நாட்டில் தபால் தந்தித் துறையும், 1985 முதல் தொலைத்தொடர்புத் துறையும் இதே முறையைப் பின்பற்றின. கறுப்புத் தொலைபேசி வீட்டில் இருக்கும். ஆனால் அது அரசின் சொத்து. காத்திருப்போர் பட்டியல் நீண்டதால், கூடுதல் வைப்புத்தொகை கட்டுவோர்க்கு முன்னுரிமை தரும் ‘சொந்தத் தொலைபேசித் திட்டம்’ ஒன்றும் இருந்தது. பெயரில்தான் ‘சொந்தம்’, பணம் வாங்கித் தந்தது வரிசையில் முன்னிடம்.

தவணை முறை இதற்கும் மூத்தது. 1856ஆம் ஆண்டு அமெரிக்காவில் சிங்கர் தையல் இயந்திர நிறுவனத்தின் பங்காளியான எட்வர்டு கிளார்க், முதலில் ஒரு சிறு தொகையும் பிறகு மாதத் தவணையும் வாங்கிக்கொண்டு இயந்திரத்தை வீட்டுக்கு அனுப்பும் முறையைக் கொண்டுவந்தார். அந்த முறையோடுதான் சிங்கர் இயந்திரம் இந்தியாவுக்கும் வந்தது. தமிழகத்தில் லாரி, பேருந்துகளுக்குக் கடன் தர 1954இல் சென்னையில் சுந்தரம் பைனான்ஸ் தோன்றியது. வீட்டுப் பொருள்களைத் தவணையில் விற்ற வசந்த் அண்ட் கோ 1978இல் தொடங்கியது. தவணை என்பது நமக்கு அந்நியமான சங்கதி அன்று.

எனவே, கைபேசி பிறந்தபோது அதன்முன் இரண்டு பாதைகள் இருந்தன. தையல் இயந்திரம் போலத் தவணையில் விற்பது ஒன்று. கறுப்புத் தொலைபேசி போல, இணைப்போடு கட்டிப்போட்டுத் தருவது மற்றொன்று.

பூட்டு எப்படி வேலை செய்கிறது?

1983இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற மோட்டரோலா நிறுவனத்தின் முதல் கைபேசியின் விலை 3,995 டாலர். இந்த விலையில் எத்தனை பேர் வாங்குவார்கள்? கருவி பரவாவிட்டால் நிறுவனங்கள் நிறுவிய கோபுரங்களுக்கு வருமானம் இல்லை. அவை ஒரு வழி கண்டன. கருவியின் விலையில் பெரும்பகுதியைத் தாமே ஏற்றுக்கொள்வது. வாடிக்கையாளரிடம் ஓராண்டு, ஈராண்டு ஒப்பந்தம் வாங்கிக்கொண்டு, அந்தப் பணத்தை மாதக் கட்டணத்தில் சிறிது சிறிதாகத் திரும்ப எடுப்பது. இதற்கு ‘மானியம்’ என்று பெயர் சூட்டினார்கள். அரசு தரும் மானியத்தைத் திருப்பிக் கேட்பதில்லை. இந்த மானியம் திரும்பிப் போய்ச் சேர்ந்தே தீரும். ஆகவே இது மானியம் என்ற பெயரில் வந்த கடன்.

கடன் கொடுத்தவருக்கு ஓர் அச்சம் இருக்குமல்லவா? மலிவாகக் கருவியை வாங்கிக்கொண்டு வாடிக்கையாளர் வேறு நிறுவனத்துக்குப் போய்விட்டால்? இங்கேதான் பூட்டு வருகிறது.

சிம் அட்டை 1991இல் பின்லாந்தின் ரேடியோலின்யா நிறுவனத்துக்காக முதன்முதலில் செய்யப்பட்டது. ‘இவர் இன்ன வாடிக்கையாளர்’ என்ற அடையாளத்தை அது கருவியிலிருந்து பிரித்துவிட்டது. அட்டையைக் கழற்றி வேறு கருவியில் செருகினால் உங்கள் எண் அங்கே வந்துவிடும். அட்டைக்குள் 15 இலக்கம் வரையுள்ள அடையாள எண் ஒன்று பதிந்திருக்கிறது. அதன் முதல் மூன்று இலக்கங்கள் நாட்டைக் குறிக்கும்; இந்தியாவுக்கு 404, 405. அடுத்த இலக்கங்கள் நிறுவனத்தைக் குறிக்கும். பூட்டிய கைபேசி, சிம் அட்டையைச் செருகியதும் இந்த முன் இலக்கங்களைப் படிக்கிறது. தன் நினைவிலுள்ள எண்ணோடு அவை ஒத்துப்போகாவிட்டால் வேலை செய்ய மறுக்கிறது. பூட்டு என்பது இந்தச் சிறு ஒப்பீடுதான். கருவியில் எந்தக் குறையும் இல்லை.

பின்லாந்தில் ஒரு விந்தை உண்டு. நோக்கியாவின் தாயகமான அந்த நாட்டில், கருவியையும் இணைப்பையும் ஒன்றாகக் கட்டி விற்பதே 2006 வரை சட்டப்படி தடுக்கப்பட்டிருந்தது. கருவிக்கு ஒரு விலை, பேச்சுக்கு ஒரு விலை. இரண்டும் மக்கள் கண்முன் தனித்தனியே இருக்க வேண்டும் என்பதே அந்த ஏற்பாடு.

501 ரூபாய் மழை

இந்தியாவில் முதல் கைபேசிப் பேச்சு 1995 ஜூலை 31 அன்று நிகழ்ந்தது. கொல்கத்தாவிலிருந்து மேற்கு வங்க முதலமைச்சர் ஜோதி பாசு பேச, தில்லியில் மத்திய அமைச்சர் சுக்ராம் கேட்டார். அக்காலத்தில் ஒரு நிமிடப் பேச்சுக்குச் சுமார் 16 ரூபாய் வரை ஆயிற்று. நம்மை அழைப்பவர் பேசினாலும் நாம் பணம் கட்ட வேண்டியிருந்தது. இந்த இரட்டைச் செலவு 2003 மே மாதத்தில்தான் நீங்கியது.

அதே 2003 ஜூலை மாதம் ரிலையன்ஸ் இன்ஃபோகாம் ‘மான்சூன் ஹங்காமா’ என்ற திட்டத்தை அறிவித்தது. 501 ரூபாய் கொடுத்தால் கைபேசியும் இணைப்பும் கையில். மீதியை மாதா மாதம் கட்டணத்தோடு சேர்த்துக் கட்ட வேண்டும். கடைகளில் கூட்டம் அலைமோதியது. நம் நாட்டில் ஒப்பந்தக் கைபேசி பெரிய அளவில் சோதித்துப் பார்க்கப்பட்டது அப்போதுதான்.

அந்தக் கைபேசிகள் சி.டி.எம்.ஏ. முறையைச் சேர்ந்தவை. அவற்றில் கழற்றக்கூடிய சிம் அட்டை இல்லை. வாடிக்கையாளரின் அடையாளம் கருவிக்குள்ளேயே எழுதப்பட்டிருந்தது. எனவே பூட்டு வெகு உறுதி. ஆனால் பூட்டால் கருவியைத்தான் கட்டிப்போட முடியும். கட்டணத்தைக் கட்ட வைக்க முடியாது. பில் வந்த பிறகு திகைத்தவர்களும், கட்டாமல் விட்டவர்களும் பெருகினர். நிறுவனம் வசூலுக்குப் பெரும்பாடு பட்டது.

ஏன் இப்படி ஆயிற்று? ஒப்பந்த முறைக்கு ஓர் அடிப்படை வேண்டும். வாடிக்கையாளரின் வருமானமும் முகவரியும் கடன் கட்டும் பழக்கமும் நிறுவனத்துக்குத் தெரிந்திருக்க வேண்டும். கடன் வரலாற்றைத் திரட்டும் சிபில் அமைப்பு இங்கே 2000இல்தான் நிறுவப்பட்டது. மக்களோ வேறு வழியைத் தேர்ந்தார்கள். கருவியை முழு விலைக்கு, புதிதாகவோ பழையதாகவோ வாங்கினார்கள். பேச்சுக்கு முன்கூட்டியே பணம் கட்டினார்கள். இன்றும் இந்தியக் கைபேசி இணைப்புகளில் 90 விழுக்காட்டுக்கு மேல் முன்கட்டண இணைப்புகளே. கையில் காசு இருந்தால் பேச்சு, இல்லாவிட்டால் மௌனம். கடன் மட்டும் இல்லை.

199 டாலரும் 31,000 ரூபாயும்

2008இல் நடந்த ஒரு நிகழ்ச்சி இரு முறைகளையும் அருகருகே வைத்துக் காட்டியது. ஆப்பிள் நிறுவனத்தின் ஐபோன் 3ஜி அமெரிக்காவில் 199 டாலருக்கு விற்றது. அன்றைய மதிப்பில் இது சுமார் 8,500 ரூபாய். ஆகஸ்டு 22 அன்று அது இந்தியாவுக்கு வந்தபோது ஏர்டெல், வோடஃபோன் நிறுவனங்கள் சொன்ன விலை 31,000 ரூபாய். “ஒரே கருவிக்கு இந்தியனிடம் மும்மடங்குக்கு மேல் வாங்குவதா?” என்று கோபம் எழுந்தது.

கோபப்படுமுன் கணக்குப் போட்டுப் பார்ப்போம். அமெரிக்காவில் அந்த 199 டாலரோடு இரண்டு ஆண்டு ஒப்பந்தமும் உண்டு. மிகக் குறைந்த திட்டத்துக்கே மாதம் சுமார் 70 டாலர். 24 மாதத்துக்கு 1,680 டாலர். கருவியின் 199 டாலரைச் சேர்த்தால் 1,879 டாலர். அன்றைய மதிப்பில் சுமார் 80,000 ரூபாய். இதில் எவ்வளவு கருவிக்கு, எவ்வளவு பேச்சுக்கு? வாடிக்கையாளருக்குத் தெரியாது. தெரியாமல் இருப்பதுதான் அந்த முறையின் உயிர்நாடி.

இந்தியாவில் விலை முழுவதும் வெளியே நின்றது. அதனால்தான் அது உயரமாகத் தெரிந்தது.

ஒளித்த விலைக்கு இன்னொரு தீங்கும் உண்டு. தவணைக்கு முடிவு உண்டு. கட்டணத்துக்கு முடிவு இல்லை. பிரிட்டனில் ‘சிட்டிசன்ஸ் அட்வைஸ்’ என்ற நுகர்வோர் அமைப்பு 2017இல் ஓர் உண்மையை வெளியிட்டது. ஒப்பந்தக் காலம் முடிந்து, கருவியின் விலை முழுவதும் அடைந்த பிறகும் சில நிறுவனங்கள் அதே மாதக் கட்டணத்தை வாங்கிக்கொண்டிருந்தன. வாடிக்கையாளர்கள் சராசரியாக மாதம் 22 பவுன் வீண் செலவு செய்தார்கள். கடன் அடைந்துவிட்டது என்று சொல்ல ஆள் இல்லை. எப்போது அடையும் என்று எழுதப்படவும் இல்லை.

அமெரிக்காவிலேயே மாற்றம் வந்தது. 2013 மார்ச்சில் டி-மொபைல் நிறுவனம் ஒப்பந்தத்தைக் கைவிட்டது. ஐபோன் 5க்கு முதலில் 100 டாலர், பிறகு மாதம் 20 டாலர் வீதம் 24 மாதம். இது கருவிக்கு மட்டும். பேச்சுக்குத் தனிக் கட்டணம். வெரைசான் 2015இலும், ஏ.டி. அண்ட் டி. 2016 ஜனவரியிலும் அதே வழிக்கு வந்தன. எட்வர்டு கிளார்க்கின் தையல் இயந்திரத் தவணை, ஒன்றரை நூற்றாண்டுக்குப் பின் கைபேசிக்கும் வந்து சேர்ந்தது.

தவணையிலும் ஒளியிடம் உண்டு

அப்படியானால் தவணை நல்லது, ஒப்பந்தம் கெட்டது என்று முடித்துவிடலாமா? அவசரம் வேண்டாம். ஒப்பந்தத்தில் விலை ஒளிகிறது என்றால், தவணையில் வட்டி ஒளிகிறது. ஒரு காகிதமும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள்.

12,000 ரூபாய்க் கைபேசி. “ஆண்டுக்கு 15 விழுக்காடு வட்டிதான்” என்கிறார் கடைக்காரர். வட்டி 1,800 ரூபாய். மொத்தம் 13,800. பன்னிரண்டு தவணை, ஒவ்வொன்றும் 1,150. கணக்குச் சரிதானே?

சரியில்லை. நீங்கள் ஆண்டு முழுவதும் 12,000 ரூபாயைக் கையில் வைத்திருக்கவில்லை. அசல் மாதம் 1,000 வீதம் குறைவதாக வைத்துக்கொள்வோம். முதல் மாதம் 12,000 கடன், இரண்டாம் மாதம் 11,000, கடைசி மாதம் 1,000 மட்டுமே. சராசரி 6,500. இந்த 6,500க்குத்தான் 1,800 ரூபாய் வட்டி. உண்மை விகிதம் ஏறத்தாழ 28 விழுக்காடு!

இனி ‘வட்டியில்லாத் தவணை’யைப் பார்ப்போம். கைபேசி 12,000 ரூபாய். மாதம் 1,000 வீதம் 12 தவணை. வட்டி எங்கே? ரொக்கமாகக் கொடுத்தால் 11,000 ரூபாய்க்குத் தருவீர்களா என்று கேளுங்கள். “தருகிறேன்” என்றால், அந்த 1,000 ரூபாய்தான் வட்டி. மேலே சொன்ன முறைப்படி போட்டால் அது ஏறத்தாழ 17 விழுக்காடு. நடைமுறைக் கட்டணம் ஏதேனும் இருந்தால் அதையும் சேர்க்க வேண்டும். ரிசர்வ் வங்கி 2013 செப்டம்பரில் வங்கிகளுக்கு அனுப்பிய சுற்றறிக்கையில் இதையே கண்டித்தது. கடன் அட்டைத் தவணைகளில் வட்டி நடைமுறைக் கட்டணம் என்ற வேடத்தில் வருகிறது; சுழிய வட்டி என்ற ஒன்றே கிடையாது என்பது அதன் கருத்து.

இரண்டு முறையும் கலந்த ஒரு திட்டத்தையும் பார்ப்போம். 2021 நவம்பரில் ஜியோபோன் நெக்ஸ்ட் 6,499 ரூபாய்க்கு வந்தது. தவணையில் வாங்க விரும்பியோர் முதலில் 1,999 ரூபாயும் நடைமுறைக் கட்டணம் 501 ரூபாயும் கட்ட வேண்டியிருந்தது. பிறகு மிகக் குறைந்த திட்டத்தில் மாதம் 300 ரூபாய், 24 மாதம். அதற்குள் மாதம் 5 ஜி.பி. தரவும் 100 நிமிடப் பேச்சும் அடக்கம். கூட்டுவோம்: 1,999 + 501 + 7,200 = 9,700. ரொக்க விலை போக மீதி 3,201. மாதத்துக்கு ஏறத்தாழ 133 ரூபாய். இந்த 133 ரூபாயில் பேச்சும் தரவும் கடனுக்கான வட்டியும் அடக்கம். உங்களுக்கு அந்தப் பேச்சும் தரவும் போதுமானால் இது நல்ல பேரம். போதாமல் மேலும் பணம் போட வேண்டியிருந்தால் பேரம் மாறிவிடும். விடை நிறுவனத்திடம் இல்லை. உங்கள் பழக்கத்தில் இருக்கிறது.

நம் வட்டாரத்துக்கு எது பொருந்தும்?

மேலே போட்ட கணக்கு எல்லா ஊருக்கும் பொது. நம் ஊருக்கென்று ஒரு கணக்கு மீதமிருக்கிறது.

தவணை, ஒப்பந்தம் இரண்டுமே மாதச் சம்பளக்காரரை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. மாதந்தோறும் ஒரே தேதியில் ஒரே தொகை கேட்பவை. சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டைப் பகுதிகளின் வருமானம் அப்படி வருவதில்லை. பட்டாசுத் தொழிலில் வாரக் கூலியே வழக்கம். மழை பெய்தால் மருந்து காயாது, வேலை நிற்கும். தீபாவளி முடிந்ததும் ஆலைகள் சில வாரங்கள் மூடிக் கிடக்கும். சில ஆண்டுகளில் இன்னும் கடுமை. 2018 அக்டோபரில் பட்டாசு பற்றி உச்சநீதிமன்றம் அளித்த தீர்ப்பை அடுத்து, நவம்பரில் மூடிய ஆலைகள் பல மாதங்கள் திறக்கவில்லை. ஆலை மூடினாலும் தவணைத் தேதி மூடுவதில்லை. தவறிய தவணைக்கு அபராதம். அதன்மேல் கடன் வரலாற்றில் ஒரு கறை. பின்னாளில் மகளின் கல்லூரிக் கடனுக்குப் போய் நிற்கும்போது அந்தக் கறை எதிரே வந்து நிற்கும்.

பழைய தீப்பெட்டி ஆபீஸ்களில் ஒரு வழக்கம் இருந்தது. தொழிலாளிக்குக் கல்யாணம், காதுகுத்து என்றால் முதலாளி முன்பணம் தருவார். வட்டி கேட்கமாட்டார். ஆனால் முன்பணம் அடையும்வரை அவர் வேறு ஆபீசுக்குப் போக முடியாது. அங்கே கூலி கூடுதல் என்றாலும் போக முடியாது. வட்டியில்லாத அந்தக் கடனின் விலை என்ன? வெளியேறும் உரிமை! ஒப்பந்தக் கைபேசியின் பூட்டும் இதே வகைதான். பாட்டிமார் அனுபவத்தில் அறிந்த செய்தியைப் பேரப்பிள்ளைகள் விளம்பர அட்டையின் முன் மறந்துவிடக் கூடாது.

ஆகவே கைபேசி வாங்கப் புறப்படும் நண்பர்களே, நான்கு கேள்விகளைக் கேளுங்கள்.

ஒன்று: ரொக்கம் கொடுத்தால் இந்தக் கருவி என்ன விலை? இதற்கு விடை சொல்லாத இடத்தில் வாங்க வேண்டாம்.

இரண்டு: முதல் தொகை, கட்டணங்கள், எல்லாத் தவணைகளும் கூட்டினால் மொத்தம் எவ்வளவு? அதிலிருந்து ரொக்க விலையைக் கழித்தால் வருவதே காத்திருக்காமல் வாங்குவதன் விலை.

மூன்று: நடுவில் விலக விரும்பினால் என்ன ஆகும்? கருவி வேறு நிறுவனத்தின் சிம் அட்டையை ஏற்குமா?

நான்கு: வேலையில்லாத இரண்டு மாதம் வந்தால் இந்தத் தவணையை எதைக் கொண்டு கட்டுவேன்?

கடனில் வாங்குவோர்க்கு இன்று ஓர் ஆயுதம் கையில் உண்டு. ரிசர்வ் வங்கியின் ஆணைப்படி, வங்கிகளும் நிதி நிறுவனங்களும் 2024 அக்டோபர் 1 முதல் வழங்கும் சில்லறைக் கடன்களுக்கு ‘முக்கிய விவர அறிக்கை’ தர வேண்டும். எல்லாக் கட்டணங்களும் சேர்ந்த ஆண்டு வட்டி விகிதம் அதில் இருக்க வேண்டும். கடன் வாங்குபவருக்குப் புரியும் மொழியில் அது எழுதப்பட வேண்டும் என்றும் ஆணை கூறுகிறது. தமிழில் தாருங்கள் என்று கேட்பது சலுகை அன்று, உரிமை.

நான்காம் கேள்விக்கு விடை கிடைக்காவிட்டால், ஓராண்டு பழைய கருவியே போதும் என்று முடிவு செய்யலாம். வாரக் கூலியில் ஐம்பது, நூறு என ஒதுக்கிச் சேர்த்து ரொக்கமாக வாங்கலாம். கூலி வாரத்தில் வருகிறதென்றால் சேமிப்பும் வாரத்தில் போகட்டும். வேலையற்ற வாரத்தில் சேமிப்பு நின்றுபோனால் எவரும் அபராதம் கேட்கமாட்டார்கள். ஒரே குறை, காத்திருக்க வேண்டும். காத்திருக்க முடியாத தேவை உண்மையிலேயே இருந்தால், பிள்ளையின் படிப்போ பிழைப்போ அதை நம்பி இருந்தால், தவணையில் வாங்குவதில் தவறு இல்லை. கணக்குப் போட்டு, கண்ணைத் திறந்துகொண்டு வாங்குங்கள். அட்டையில் கொட்டை எழுத்தில் இருப்பதை எல்லாரும் படிப்பார்கள். அதில் இல்லாததையும் தேடிப் படிப்பவரே கணக்குத் தெரிந்தவர்.